அம்மாக்கள் உண்மையை எழுதினால்...

1935ஆம் ஆண்டு. குழந்தை வளர்ப்புக்கென்றே இங்கிலாந்தில் வந்துகொண்டிருந்த 'நர்சரி வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வெளியாகிறது. எழுதியவர் ஓர் இளம் தாய். சொந்தப் பெயர் போடவில்லை. 'யுபிக்வே' என்று கையெழுத்து. லத்தீனில் 'எங்கும்' என்று அர்த்தமாம்.

கடிதத்தின் சாரம் இதுதான். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. பேச ஆள் இல்லை. ரேடியோ வாங்கக் காசு இல்லை. படிக்கப் பிடிக்கும், ஆனால் நூலகம் இல்லை. பகல் முழுக்கப் பிள்ளைகளோடு ஓடிவிடுகிறது. ராத்திரி தனியாக உட்கார்ந்தால்தான் பழைய காயங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகின்றன. செலவில்லாமல், மனதை வேறு பக்கம் திருப்புகிற மாதிரி ஏதாவது ஒரு வேலையை எந்த அம்மாவாவது சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்குத் தையல், தோட்டம், தியானம் என்று யாராவது ஒரு நிபுணர் பதில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதில் எழுதியவர்கள் வேறு அம்மாக்கள். அவர்களில் பலருக்கும் அதே தனிமை. அதனால் அவர்கள் ஆலோசனை சொல்வதோடு நிறுத்தாமல், தங்களுக்குள்ளேயே ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். 'கோஆபரேட்டிவ் கரஸ்பாண்டன்ஸ் கிளப்' என்று பெயர். சுருக்கமாக சி.சி.சி.

இந்தப் பத்திரிகை எந்தக் கடையிலும் விற்கவில்லை. விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரே ஒரு பிரதிதான்!

ஒரே பிரதி, ஒரு தபால் பை

அது நடந்த விதம் சுவாரசியமானது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, 'ஆட் அஸ்ட்ரா' என்ற புனைபெயர் கொண்ட ஆசிரியைக்குத் தபாலில் அனுப்புவார்கள். அவர் அதையெல்லாம் சேர்த்து, கையால் பூவேலை செய்த துணி அட்டைக்குள் வைத்து, முதல் உறுப்பினருக்கு அனுப்புவார். அவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு. அவர் அதற்கடுத்தவருக்கு. இப்படியே வீடு வீடாகச் சுற்றி வரும். படிக்கிறவர் சும்மா படிப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் வெள்ளை இடத்தில் தன் கருத்தையும் எழுதுவார். அடுத்தவர் கட்டுரையையும் படிப்பார், ஓரத்தில் நடக்கும் சண்டையையும் படிப்பார், தன் பங்குக்கும் ஒரு வரி சேர்ப்பார்.

உறுப்பினர் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைவாக, இருபத்துச் சொச்சம் பேரோடு வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் புனைபெயர். எல்லோரும் தாய்மார்கள். என்ன எழுதினார்கள்? பிரசவம் எப்படி நடந்தது, எவ்வளவு வலித்தது என்று எழுதினார்கள். போர்க்காலத்தில் குண்டு விழுந்த ராத்திரிகளைப் பற்றி எழுதினார்கள். நோயாளிக் குழந்தை, பேசாத கணவன், உடைந்த கல்யாணம், வேறொருவர் மேல் வந்த காதல், விதவையான பிறகு நீண்டுபோகும் மாலை நேரம்... எதையும் விடவில்லை. கூடவே குழம்பு கருகிய கதையும் உண்டு.

சரி, ஒரு வருடம் நடத்தியிருப்பார்கள், இரண்டு வருடம் நடத்தியிருப்பார்கள் என்று தோன்றலாம். அதுதான் இல்லை. 1935இல் தொடங்கிய அந்தத் தபால் பை 1990 வரை சுற்றியது. 55 வருடம்! கைக்குழந்தையோடு எழுத ஆரம்பித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்து, கண் மங்கி, கை நடுங்கி, சக உறுப்பினர்களின் மரணச் செய்தியைப் படிக்கும் வரை எழுதினார்கள்.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இலக்கியம் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். வரலாறு என்று சொன்னால் போரும் ராஜாவும் எங்கே என்பார்கள். கடைசியில் 'பொம்பளைங்க வம்பு' என்ற கடைசிப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அப்படி மூடுவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வீட்டுக்குள் போனவர்கள் யார்?

முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்கள் வேலைக்குப் போகப் பிடிக்காமல் வீட்டில் இருந்தவர்கள் அல்ல. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள். அன்றைய பிரிட்டனில் 'மேரேஜ் பார்' என்று ஒரு நடைமுறை இருந்தது. ஆசிரியை, அரசு ஊழியர் போன்ற வேலைகளில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். ஆசிரியைகளுக்கு இந்தத் தடை 1944 கல்விச் சட்டத்தோடுதான் நீங்கியது. அரசுப் பணியில் 1946 வரை இருந்தது.

அதாவது, நேற்றுவரை ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், தாலி... மன்னிக்கவும், அங்கே மோதிரம்... ஏறிய மறுநாளிலிருந்து அடுப்படிக்கு மட்டும் சொந்தம். படித்த படிப்பு அப்படியே மூளைக்குள் இருக்கிறது, பயன்படுத்தத்தான் இடம் இல்லை. சி.சி.சி. அந்த இடமாக இருந்தது.

இந்தக் குழுவில் இருந்த இரண்டு பேரை உலகத்துக்கே தெரியும். 'ஆங்கராட்' என்ற பெயரில் எழுதியவர் எலைன் மார்கன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டு வரை போனவர். தொலைக்காட்சிக்கு நாடகங்கள் எழுதினார். 1972இல் மனிதப் பரிணாமத்தைப் பெண்ணின் பக்கமிருந்து பார்க்கும் 'தி டிசென்ட் ஆஃப் உமன்' என்ற புத்தகத்தை எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். 'எலக்ட்ரா' என்ற பெயரில் எழுதியவர் ரோஸ் ஹேக்கர். பாலியல் கல்விக்காக உழைத்தவர். நூறு வயதில் ஒரு லண்டன் பத்திரிகையில் பத்தி எழுத ஆரம்பித்து, 2008இல் 101 வயதில் இறந்தார். இப்படிப்பட்டவர்கள் எழுதியதை வம்பு என்று ஒதுக்க முடியுமா? சரி, இவர்களைப் போலப் பெயர் வாங்காத மற்றவர்கள் எழுதியதை மட்டும் ஒதுக்கலாமா?

கடிகாரம் பார்த்துப் பால் கொடு!

அந்தக் காலத்தில் தாய்மார்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சொல்வதற்கு ஒரு படையே இருந்தது. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் எழுதிய குழந்தை வளர்ப்பு முறை பிரிட்டன் முழுக்கப் பரவியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்க வேண்டும். ராத்திரியில் கொடுக்கக் கூடாது. அழுகிறதே என்று தூக்கிக் கொஞ்சினால் குழந்தை கெட்டுப்போகும்.

அழும் குழந்தையின் கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். அவளுக்குத் தோன்றுவது, "என்னால் முடியவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்பதுதான். புத்தகத்தில் தவறு இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்ற வேண்டுமென்றால், வேறொரு தாய் வந்து, "நானும் அப்படித்தான் நின்றேன், கடைசியில் தூக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உண்மையைச் சொல்லும் தைரியம் போதும். அந்தத் தைரியமும் முதலில் யாராவது ஒருத்தி சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வருகிறது. பெண்கள் தனித்தனியாக டைரி எழுதுவதற்கும், சேர்ந்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். டைரிக்குள் "என் கோளாறு" என்று இருப்பது, பத்துப் பேர் எழுதினால் "இது எல்லோருக்கும் நடப்பது" என்று ஆகிறது. நூறு பேர் எழுதினால் "இது ஏன் நடக்கிறது?" என்ற கேள்வியாகிவிடுகிறது.

நூறு பேருக்கு மேல் எழுதியதும் உண்மையில் நடந்திருக்கிறது. அதற்கு இன்னும் இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

160 கடிதங்கள்

1883இல் இங்கிலாந்தில் கூட்டுறவு இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'விமன்ஸ் கோஆபரேட்டிவ் கில்ட்'. உறுப்பினர்கள் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டு மனைவிகள். 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் மார்கரெட் லூயலின் டேவிஸ்.

1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை அதில் சேர்ந்தது. கில்ட் போராடியதற்கு அதில் பங்கு உண்டு. ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமமான தொகை. ஆனால் ஒரு வேடிக்கை. பிள்ளை பெறுவது மனைவி, பணம் போய்ச் சேருவது காப்பீடு செய்த கணவனுக்கு! இது தாய்க்குச் சொந்தமான பணம் என்று 1913இல் சட்டத்தைத் திருத்த வைக்க மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

அதோடு நிற்காமல் கில்ட் தன் உறுப்பினர்களிடம் பிரசவ அனுபவங்களைக் கேட்டு எழுதியது. 386 கடிதங்கள் வந்தன. அவற்றில் 160ஐத் தேர்ந்தெடுத்து 1915இல் 'மெட்டர்னிட்டி' என்ற பெயரில் புத்தகமாகப் போட்டார்கள். பெயர்கள் இல்லை. பெயருக்குப் பதிலாகக் கடிதத்தின் முடிவில் வேறு விவரம் இருந்தது: கணவனின் வாரச் சம்பளம், எத்தனை குழந்தைகள், எத்தனை இறந்து பிறந்தன, எத்தனை கருச்சிதைவுகள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு பேரேடு ஞாபகத்துக்கு வரும். மேலே ஒருத்தியின் வாழ்க்கை. கீழே கூட்டுத்தொகை.

அந்தக் கூட்டுத்தொகை என்ன தெரியுமா? எண்ணிக்கை கொடுத்த 348 தாய்மார்களுக்கு உயிரோடு பிறந்த குழந்தைகள் 1,396. இறந்து பிறந்தவை 83. கருச்சிதைவுகள் 218. முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்த குழந்தைகள் 122.

கடிதங்கள் சொல்லும் காரணங்கள் சாதாரணமானவை, அதனால்தான் பயங்கரமானவை. வலி வரும்வரை துணி துவைத்தவர்கள். மருத்துவச்சிக் கூலிக்குக் காசு சேர்க்க வேண்டும் என்று, கர்ப்பமாக இருக்கும்போதே தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள். கணவனுக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றவர்கள். கல்யாணமாகும்போது பிரசவம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று கண்ட மருந்தையும் சாப்பிட்டவர்கள். தன்னைப் பற்றி இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அடுத்தவளுக்கு உதவட்டும் என்று எழுதியவர்கள்.

புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் ஹெர்பர்ட் சாமுவேல் என்ற அரசியல்வாதி. உள்ளாட்சித் துறைக்கே அமைச்சராக இருந்தவர். அதுவரை அரசாங்கத்தின் மேஜைக்குக் குழந்தை இறப்பு விகிதம் என்ற எண் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த எண்ணுக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது "அம்மாக்களின் அறியாமை" என்பதுதான். கடிதங்கள் அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டன. அறியாமை மட்டும் காரணமில்லை, பசியும் ஓய்வின்மையும் காரணம் என்று அனுபவித்தவளே வந்து சாட்சி சொன்னாள். 1918இல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. அது இந்த ஒரு புத்தகத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. போர் நடந்துகொண்டிருந்தது, நாட்டுக்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களின் கையில் இந்தக் கடிதங்கள் இருந்தன என்பது உண்மை.

கணக்கில் வராத உழைப்பு

பொருளாதாரத்தில் பிகு என்றொரு அறிஞர் உண்டு. 1920இல் எழுதிய 'தி எகனாமிக்ஸ் ஆஃப் வெல்ஃபேர்' புத்தகத்தில் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக் காட்டினார். ஒருவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால், நாட்டு வருமானம் குறைந்துவிடும்! அதே சமையல், அதே துவைப்பு, அதே பெருக்கல். சம்பளம் நின்றுவிட்டதால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு வராது. ஒரு வேலை கணக்கில் இல்லை என்றால், அந்த வேலையின் கஷ்டமும் கணக்கில் இல்லை. கஷ்டம் கணக்கில் இல்லை என்றால் அதைப் பற்றிப் பேசுவது புலம்பல் ஆகிவிடுகிறது. முதலாளி நஷ்டம் என்று சொன்னால் அது அறிக்கை. அம்மா நஷ்டம் என்று சொன்னால் அது மூக்கைச் சிந்துவது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாமா?

அந்த 160 கடிதங்களும் சி.சி.சி.யின் ஒற்றைப் பிரதிகளும் செய்தது, யாரும் எழுதாத அந்தக் கணக்கை எழுதி வைத்ததுதான்.

எதிர்ப்பக்க வாதங்கள்

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, வீட்டு விஷயம் வெளியே போகலாமா? கணவனும் பிள்ளையும் தங்களைப் பற்றி எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தார்களா? இது நல்ல கேள்வி. தன் அம்மா தன்னைப் பற்றி ஊருக்கு எழுதினாள் என்று ஒரு பிள்ளை பிற்காலத்தில் வருத்தப்படலாம். ஆனால் இந்தக் கேள்வி அந்தப் பெண்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் கில்ட் பெயர்களை எடுத்துவிட்டது. அதனால்தான் சி.சி.சி. புனைபெயர் வைத்தது, ஒரே பிரதி வைத்தது, ஆள் எண்ணிக்கையைக் குறைத்தது. ரகசியம் காப்பதும் உண்மை பேசுவதும் எதிரிகள் அல்ல என்று அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

இரண்டாவது, இவர்கள் எல்லாப் பெண்களுக்கும் பிரதிநிதிகளா? இல்லை. சி.சி.சி. பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கப் பெண்களின் குழு. எழுத நேரமும் தாளும் தபால்தலையும் உள்ளவர்கள். கில்டுக்குக் கடிதம் எழுதியவர்களும் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்கள். தொழிலாளர்களில் கொஞ்சம் மேலான நிலையில் இருந்தவர்கள். இதை அந்தப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. அப்படியென்றால் எழுதவே முடியாதவளின் கணக்கு இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்றுதான் அர்த்தம். எழுதியவளின் வார்த்தையைத் தள்ளிவிட அது காரணமாகாது.

மூன்றாவது, எழுதினால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது? சி.சி.சி. எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. உண்மைதான். ஆனால் 55 வருடம் இருபத்துச் சொச்சம் பேரைத் தாங்கிப் பிடித்தது. சட்டத்தை மாற்றும் எழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒருத்தியை அடுத்த நாள் காலை எழுந்திருக்க வைக்கும் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது சரியில்லை.

கதவின் சாவி

ஆகவே இந்த மாதிரி எழுத்துக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். நம்பி எழுத ஒரு மூடிய அறை வேண்டும். அந்த அறைக்கு ஒரு கதவும் வேண்டும், ஏனென்றால் அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் உலகம் மாறாது. கேள்வி, சாவி யார் கையில் என்பதுதான். அது எழுதியவளின் கையில் இருக்க வேண்டும். கணவன் கையில் வேண்டாம், பத்திரிகை முதலாளி கையில் வேண்டாம், "எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசு" என்று கட்டாயப்படுத்தும் முற்போக்குவாதி கையிலும் வேண்டாம்.

சி.சி.சி.யின் கதவு எப்படித் திறந்தது என்பது கல்லூரியில் படிப்பவர்களுக்கு உற்சாகம் தரும் கதை. எஞ்சியிருந்த இதழ்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள மாஸ் அப்சர்வேஷன் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த ஜென்னா பெய்லி என்ற மாணவியின் கண்ணில் பட்டன. அவர் உயிரோடு இருந்த உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசினார். 2007இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தலைப்பு வேறென்ன? 'கேன் எனி மதர் ஹெல்ப் மீ?' 1935இல் யுபிக்வே கேட்ட அதே கேள்வி.

ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க 55 வருடம், அந்தப் பதில் வெளியே தெரிய இன்னும் 17 வருடம். நடுவில் எத்தனையோ பக்கங்கள் காணாமல் போயிருக்கின்றன. எழுதாமலே போன பக்கங்கள் அதைவிட அதிகம்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு வீட்டில் அம்மா இருப்பார். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். "என்னம்மா யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, நீ போய்ப் படி" என்பார்.

அந்த 'ஒண்ணுமில்லை'க்குள் எத்தனை பக்கம் இருக்கிறது என்று யாராவது ஒருநாள் உட்கார்ந்து கேட்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதை அம்மாவே முடிவு செய்துகொள்ளட்டும்.